நாற்பது பொதியும் ஒரு பிடி உப்பும்

ஜூன் 7, திங்கள்

காலையிலிருந்து மழை. குடையில் ஓட்டை.

இன்று மானம் போச்சு. வாழையிலைப் பொதிச்சோறு நாற்பதையும் கட்டியது நான். இருபது வருஷம் கொச்சி பஜாரில் அரிசி கோடவுனில் மூட்டை கட்டிய கை, அதே முடிச்சைத்தான் போடும். இழுக்க இழுக்க இறுகும். மத்தியானம் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஷாஜி போன். "சேட்டா, இது சோறா அரிசிச்சாக்கா? கையில கிளவுஸ், வாயில மாஸ்க். எந்தப் பல்லால கடிக்க?" கடைசியில் ஆஸ்பத்திரிக் கத்தரியால் வெட்டினார்களாம்.

ஹோட்டல்கார இக்காவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமினார். கோவிட் வந்து எழுந்தபிறகு அவர் சிரித்தது இன்றுதான்.

லாக்டவுனில் கோடவுன் பூட்டு. இக்காவின் ஹோட்டலும் ஒரு மாசமாக ஷட்டர் கீழே, வேலையாட்கள் ஊருக்குப் போயாச்சு. வார்டு கவுன்சிலர் தயவில் தினம் நாற்பது பொதி. ஆம்புலன்ஸ்காரர்கள், ஆஸ்பத்திரித் துப்புரவுப் பெண்கள், குப்பை எடுக்கிறவர்கள். இது ஒன்றால்தான் அடுப்பு எரிகிறது. இதுவும் போனால் கடையைக் கைமாற்றிவிட்டுச் சொந்த ஊரான பாலக்காட்டுக்கே போய்விடுவேன் என்கிறார் இக்கா.

மகள் செல்வி கேட்டாள்: "சம்பளமும் இல்ல, எதுக்குப்பா தினம் அங்க ஓடுறீங்க?"

"வீட்ல உட்கார முடியல."

பாதி நிஜம்.

ஜூன் 8, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

இக்கா சணலைப் பிடுங்கிக்கொண்டார். பதவி இறக்கம். இனி இலை வாட்டும் வேலை. மூன்று கிழிந்தது, ஒன்று சாம்பல்.

மீன்கறிக்கு எண்ணெயில் வற்றல் மிளகாய் போட்டார். என்ன நெடி. எனக்குத் தும்மல், கண்ணீர், மாஸ்க்குக்குள்ளே ஒரே நாசம். அவர் சட்டி மேலேயே குனிந்து நிற்கிறார். ஒரு செருமல்கூட இல்லை.

"இக்கா, கருகுது."

"ஆ? ஆமா."

மிஞ்சிய கறியில் ஒரு வாய். உப்பே இல்லை.

"எப்படிடா முருகேசா?"

"ஒரு குறையும் இல்ல இக்கா."

தெருவில் நின்றுகொண்டே உள்ளே சோறு எந்தப் பதத்தில் இருக்கிறதென்று மூக்கால் சொல்கிற மனுஷன். அவரிடம் எப்படிச் சொல்ல.

ஜூன் 9, புதன்

மூட்டம். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

ஷாஜி: "ஆஸ்பத்திரி அக்காமார் கேக்குறாங்க சேட்டா, இது ரோகிகளுக்குக் குடுக்குற ஊணான்னு. ரெண்டு நாளா உப்பில்ல."

பின்னாலேயே கவுன்சிலர். தேவராவில் ஒரு ஹோட்டல் தயாராக நிற்கிறதாம். நாளைக்கும் புகார் வந்தால் ஆர்டர் அங்கே. "நீயும் இக்காவும் தமிழ்லதானே பேசுவீங்க, நீயே பக்குவமா சொல்லிடு." நல்ல வேலை கொடுத்தார்.

ஷட்டர் வரைக்கும் போனேன். திரும்பினேன். மறுபடி போனேன். மூன்றாம் தடவை வாயைத் திறந்து சொன்னது: "மழை வரும்போல இருக்கு இக்கா." வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஜூன் மாசம் கொச்சியில் இதைச் சொல்ல ஒருத்தன் வேணுமா.

செல்வி: "நோய்தானேப்பா, குத்தமா? நாக்கு போச்சான்னு கேட்டா என்ன?"

கேட்கலாம். கேட்டால் பேச்சு அதோடு நிற்குமா.

நாளைக்கு: குடை ரிப்பேர். செல்வி போனுக்கு ரீசார்ஜ். சட்டைப்பையில் உப்புப் பொட்டலம்.

ஜூன் 10, வியாழன்

நல்ல மழை. குடை அப்படியே.

எழுதவே கூசுது. இக்கா சோறு வடிக்கப் பின்பக்கம் போனார். கறியில் ஒரு பிடி உப்பு போட்டேன். மூட்டை தூக்குகிறவன் பிடி. கலக்கி நாக்கில் வைத்தேன். கடல். வைப்பின் தீவிலிருந்து வந்த மத்தி உயிரோடு இருந்தால் நீந்தித் திரும்பியிருக்கும்.

நிமிர்ந்தால் இக்கா. என் கையில் பொட்டலம்.

"இப்பத்தாண்டா பக்கத்து வீட்டுச் சேச்சிய மதில் பக்கம் கூப்பிட்டு, ருசி பாக்கச் சொல்லி, சரியா உப்பு போட்டு வெச்சேன்."

பொட்டலத்தை மடித்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நாக்கு மரக்கட்டைடா. மூக்கும் இல்ல. வேற எவனுக்கு வந்தாலும் போகுதுன்னு விடலாம். எனக்கு அது ரெண்டும்தானே பொழப்பு."

பொதி எடுக்க வண்டி வர முக்கால் மணி நேரம். செல்விக்கு போன் போட்டேன், ஓடி வந்தாள். நான் தேங்காய் துருவ, அவள் பால் பிழிய, இக்கா ஊற்ற. கரண்டி என் வாய்க்கு.

"இன்னும்."

"இன்னும்."

"போதும் இக்கா."

சிவப்பாக இருந்த கறி வெள்ளையாகிப் போச்சு. நாற்பது பொதி. முடிச்சு செல்வி போட்டாள், பூ மாதிரி.

இரண்டு மணிக்கு ஷாஜி: "இன்னிக்கு மீன்கறி கொள்ளாம் சேட்டா, நல்ல ருசி. அக்காமார் இலைய வழிச்சாச்சு. சமையல் ஆள மாத்தியோ?"

ஜூன் 11, வெள்ளி

தூறல்.

கவுன்சிலர் கூப்பிட்டார். ஆர்டர் இங்கேயே. இக்கா இன்று பாலக்காட்டுப் பேச்சு எடுக்கவில்லை. எனக்குப் புதுப் பதவி: நாக்கு. செல்வி சிரிக்கிறாள். "அம்மா வெக்கிற ரசத்த சாம்பார்னு சொல்லித் திங்கிற ஆளு நீங்க."

பொதி போனபிறகு சாயா. ஆளுக்கொரு ஸ்டூல், நடுவில் தூரம்.

"ஒண்ணுதாண்டா புரியல," என்றார் இக்கா. "மே மாசம் நான் கடைய விட்டு எங்கயும் போகல. வெளியாள் யாரும் உள்ள வரல. நீ ஒருத்தன், நீ வீட்டாளு. அப்புறம் எங்கேருந்து ஒட்டுச்சு?"

சாயாவில் சர்க்கரை தூக்கல் என்று சொன்னேன். அடுத்த தடவை குறைக்கிறேன் என்றார்.

சொல்லாதது: மே மாசம், இக்கா படுக்கிறதுக்கு நாலு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை, ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. எனக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. மழையில் நனைந்த சூடுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, குனிந்து உள்ளே போய், இதே ஸ்டூலை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மாஸ்க்கை இறக்கி அரை மணி நேரம் சாயா குடித்தேன்.