மூன்றாவது கல்

அம்மா,

இன்று காலை கோவில்பத்தில் நம் தெருமுனையில் யாரோ குப்பைக்குத் தீ வைத்திருந்தார்கள். சைக்கிளில் கடக்கும்போது பிளாஸ்டிக் எரிகிற வாடை தொண்டையில் ஒட்டியது. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை உன் இருமல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நீ குப்பை தரம் பிரிக்கும் ஷெட்டில் வேலை பார்த்தாய். பையை விரலால் கசக்கி, அந்தச் சத்தத்தை வைத்தே எது மறுசுழற்சிக்குப் போகும், எது போகாது என்று சொல்லிவிடுவாய். மீனவர் ஊரான கிளிஞ்சல்மேட்டிலிருந்து வரும் கிழிந்த வலைகளைத் தனியே கட்டி வைப்பாய். நான் இதையெல்லாம் பாடமாகப் படித்தவள். எட்டாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்காக, பிளாஸ்டிக்கை உருக்கி மணல் கலந்து தளக்கல் செய்யலாம் என்று ஒரு புத்தகத்தில் பார்த்துவிட்டு உன்னிடம் வந்து நின்றேன்.

"ஏன்டி, ஷெட்டுல ஒருத்தரு பீடி பத்த வச்சாலே சூப்பர்வைசர் குதிப்பாரு. நீ அடுப்புலயே போடச் சொல்றியே?" என்று சிரித்தாய்.

"புக்குல போட்டிருக்கும்மா."

"புக்குலயே போட்டிருக்கா? அப்ப சரியாத்தான் இருக்கும்."

பிளாஸ்டிக் புகையைப் பற்றி உனக்குத் தெரியாததா? ஆனால் நான் படித்தவள், நீ படிக்காதவள் என்று நாம் இருவருமே நம்பினோம்.

கொல்லையில் செங்கல் அடுக்கி, பழைய இரும்புச் சட்டியை ஏற்றினாய். "அந்தாண்ட போய் நில்லு. படிக்கிற புள்ளைக்குப் புகை ஆவாது." முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளறினாய். ஏற்கெனவே உனக்கு வீசிங். நான் புகை படாமல் காற்று வரும் பக்கமாக நின்று, எத்தனை நிமிடத்தில் உருகியது என்று நோட்டில் எழுதினேன்.

முதல் கல் உதிர்ந்தது. இரண்டாவது நன்றாகத்தான் வந்தது.

"போதுமாடி?" இருமலுக்கு நடுவே கேட்டாய்.

"ஓரம் சரியா வரலம்மா. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

மறுபடியும் அடுப்பை மூட்டினாய்.

மூன்றாவது கல்லுக்கு முதல் பரிசு. அன்றைக்கு நீ வரவில்லை. மூச்சு வாங்குகிறது என்று படுத்திருந்தாய். அந்த மழைக்காலம் முடிவதற்குள் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து உடலாகத்தான் தூக்கிக்கொண்டு வந்தோம். நுரையீரல் ரொம்ப நாளாகவே கெட்டிருந்தது என்றார் டாக்டர். அப்பா நம்பினார். நான் நம்புவதற்கு முயற்சி செய்கிறேன். 'இன்னும் ஒண்ணு' என்று கேட்டதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று அறிவியல் டீச்சர் என்னை என் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குக் கூட்டிப்போனார். "கண்காட்சிக்கு அக்கா செஞ்ச கல்லு மாதிரி நீங்களும் செய்யணும். எப்படின்னு கேட்டுக்கங்க" என்றார். எல்லோரும் நோட்டைத் திறந்தார்கள்.

"வீட்ல உருக்காதீங்க" என்றேன். "அந்தப் புகை நெஞ்சைக் கெடுத்துடும். வேற ஏதாவது செய்யுங்க."

 முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அப்ப உங்களுக்கு ஒண்ணும் ஆவலியாக்கா?"

"நான் உருக்கல. எங்கம்மாதான் உருக்கினாங்க. ரெண்டாவதோட போதுமான்னு கேட்டாங்க. நான் போதாதுன்னேன்."

யாரும் எழுதவில்லை. சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை, அம்மா. அடுத்த வருஷம் கண்காட்சிக்குச் செய்யப்போவது ஏழாம் வகுப்புதான்; நாளைக்கு அங்கேயும் போய்ச் சொல்லலாமா என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறேன்.