பின்பக்கம் செருகிய பென்டிரைவ்

அன்புத் தங்கைக்கு,

கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது.

அன்று நீங்கள் அதைத் திருப்பித் தந்தபோது, நான் ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஒரே ஒரு ஆங்கில வரி வந்து அப்படியே நின்றது. "இரவல் வாங்கினா இப்படியா கெடுக்கிறது?" என்று மாப்பிள்ளை முன்னாலேயே கத்தினேன்.

"நாங்க ஒண்ணும் பண்ணலண்ணா" என்றாய். அவர் தலை குனிந்துகொண்டார். காப்பியைக்கூடத் தொடாமல் கிளம்பினீர்கள்.

இன்று கடைக்குக் கொண்டுபோக ஒயர்களைக் கழற்றினேன். பின்பக்கம் என் பென்டிரைவ் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஆன் செய்தேன், பழையபடி ஓடியது. அது செருகியிருந்ததால், கம்ப்யூட்டர் தன் டிஸ்க்கை விட்டுவிட்டு அதிலிருந்து தொடங்கப் பார்த்து நின்றிருக்கிறது.

நீங்கள் என் ஃபைல்களில் எதையாவது அழித்திருப்பீர்கள், மிஞ்சியதையாவது அதில் காப்பி எடுத்துக் காப்பாற்றலாம் என்று, அன்று ஆன் செய்யும் முன்பு நானே செருகியது அது. கெடுத்தது என் சந்தேகம்தான், அம்மா.

போனில் சொல்ல நா எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மாப்பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல். அவர் முன்னால்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

முகம் காட்டக் கூசும்
உன் அண்ணன்