நமக்குப் பொதுவாய் ஒரு சுவர்

மாமி,

சுவர்ப் பூச்சைக் கொத்தி எடுத்ததிலிருந்து வீடு முழுக்க அந்த வாசனைதான். ஊறிப்போன சுண்ணாம்பும் பழைய செங்கல்லும் சேர்ந்து, நனைந்த சாக்கு மாதிரி. என் சமையலறைக்கும் பக்கத்து வீட்டில் உங்கள் அறைக்கும் நடுவே நிற்கும் சுவரில் மறுபடி ஓதம் ஏறிவிட்டது. இடுப்பு உயரத்துக்குப் பூச்சை எடுத்திருக்கிறார்கள். மேஸ்திரியின் இடுப்பைச் சொல்கிறேன். என் இடுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்பது எனக்கே தெரியாது.

போன தடவை கொத்தியபோது நீங்கள் இருந்தீர்கள். பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. "இந்தச் சுவருக்கு பி.பி. டீ, உப்பைக் கொறைக்கச் சொல்லு" என்றீர்கள். இரண்டு பக்கமும் கொத்திப் போட்டுவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூச வேண்டும் என்று மேஸ்திரி போய்விட்டார். ஒற்றைச் செங்கல் சுவர். இடுக்கிலிருந்த கலவை மாவாகிக் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒருநாள் மூன்றாவது மாடிக்காரி வீட்டு வளைகாப்பைப் பற்றி வழக்கம்போல் குக்கரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எத்தனாம் மாசம்?" என்று சுவர் கேட்டது.

கரண்டியைக் காலில் போட்டுக்கொண்டேன். பார்த்தால், செங்கல்லுக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்கு ஓட்டை. அந்தப் பக்கம் உங்கள் கண்.

மாமா பக்கவாதத்தில் விழுந்த பிறகு அந்த அறையை விட்டு நீங்கள் வெளியே வந்ததில்லை. கோவில் இல்லை, கச்சேரி இல்லை, பாண்டி பஜார் இல்லை. அந்த ஓட்டைதான் உங்களுக்குத் தெரு. குடியிருப்பு முழுவதையும் அதன் வழியாக உங்களுக்கு அனுப்பினேன். உண்மை கொஞ்சம், என் கைச்சரக்கு நிறைய. "நீ சொல்றதுல பாதி பொய்யா இருக்கும். இருந்துட்டுப் போறது, சொல்லு" என்பீர்கள்.

மேஸ்திரியின் வண்டிச் சத்தம் கேட்டதும் ஆளுக்கொரு சொம்புத் தண்ணீரைச் சுவரில் அடித்துவிடுவோம். அவர் வந்து உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

"இன்னாக்கா இது, எல்லார் ஊட்டுச் செவுரும் காஞ்சிபோச்சு. இது மட்டும் இன்னும் ஈரமா கீது?"

"அடையாறு பக்கத்துல இல்லையா மேஸ்திரி, அதான்" என்பேன். அந்தப் பக்கம் நீங்கள் இருமுவீர்கள். சிரிப்பை அடக்கும் இருமல் என்று எனக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம், நான் கேட்காமலே சொன்னீர்கள்: "மாமா இன்னிக்கு என்னைப் பார்த்து, நீ யாருன்னு கேட்டார்டீ."

ஓட்டையில் விரலை விட்டேன். நுனியை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். வெகுநேரம். பிறகு விரல் வெளியே வரவில்லை. என் வீட்டுச் சாப்பாடு அப்படி. "இழுடீ, மேஸ்திரி வந்தா உன்னையும் சேர்த்துப் பூசிடுவான்" என்று அழுதுகொண்டே சிரித்தீர்கள்.

மாமா போனதும் வந்த உறவுக்காரர்களுக்குச் செங்கல் தெரிவது அசிங்கமாகப் பட்டது. அடியில் வரிசையாகத் துளை போட்டு, ஈரம் ஏறாமலிருக்க மருந்து ஊற்றி, இரண்டு பக்கமும் கெட்டியாகப் பூசிவிட்டார்கள். நீங்கள் வாசல் வழியாகவே என் வீட்டுக்கு வர ஆரம்பித்தீர்கள். சுவரை நான் மறந்தே போனேன்.

நல்ல பூச்சு மாமி. அவ்வளவு நல்ல பூச்சு. அந்தப் பக்கம் நீங்கள் விழுந்த மத்தியானம் இந்தப் பக்கம் நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்கவில்லை. கூப்பிட்டீர்களா என்றுகூடத் தெரியாது. சாயங்காலம் பாத்திரம் தேய்க்க வந்தவள் அலறியது வாசல் வழியாகத்தான் கேட்டது.

உங்கள் வீட்டில் இப்போது தரமணியில் வேலை பார்க்கும் இளம் தம்பதி. நல்ல பிள்ளைகள், தூங்க மட்டும் வருவார்கள். "எங்க பக்கம் கப்போர்ட் அடிச்சிட்டோம் ஆன்ட்டி, நீங்க உங்க பக்கம் பண்ணிக்கோங்க" என்றாள் அந்தப் பெண். மேஸ்திரிக்குத் திருப்தியில்லை. "ஒரு பக்கம் பூசி இன்னாக்கா பிரயோஜனம்? திரும்ப ஏறும்" என்றார். ஏறட்டும். அவர் போனதும் முட்டி கதறக் கதற உட்கார்ந்து, இடுக்கில் கண்ணை வைத்தேன். அந்தப் பக்கப் பூச்சும் உதிர்ந்துபோய், கப்போர்ட் பிளைவுட்டின் முதுகு தெரிந்தது. கம்பெனி முத்திரை பாதி.

இன்று காலை மேஸ்திரி வந்து கையை வைத்துப் பார்த்தார்.

"இந்த வாட்டி சீக்கிரம் காஞ்சிடுச்சுக்கா."

"வெயில் ஜாஸ்தி" என்றேன்.

"அப்பவும்தான் வெயில் அடிச்சுது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். சுவரை இன்னொரு தடவை தொட்டுவிட்டு, "இன்னும் ஒரு வாரம் வேணா வுட்டு வெக்கட்டா?" என்று கேட்டார்.

எதற்கு? யார் வரப்போகிறார்கள்? "பூசிடுங்க மேஸ்திரி" என்றேன். மத்தியானத்துக்குள் சுவர் வழவழவென்று ஆகிவிட்டது.

ஆனால் மாமி, பேசும்போது நடுவில் கொஞ்சம் நிறுத்துகிறேன். யாரிடம் பேசினாலும், ஒரு பெயரைச் சொன்னதும் வாய் தானாக நின்றுவிடுகிறது, நீங்கள் குறுக்கே ஏதாவது கேட்பதற்கு இடம் விட்டு. என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து நிமிர்ந்து, "என்ன, பாதியில விட்டுட்டே?" என்கிறார். அவருக்கு அந்த வம்பில் அக்கறை கிடையாது. நான் மீதியைச் சொல்லி முடிக்கிறேன்.