செல்வி நா. தவமலரின் ஆயுள்

பெப்ரவரி 3, செவ்வாய்

மழை. லண்டனில் காலையிலிருந்து நிற்கவேயில்லை. நான் வேலை செய்யும் பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் முழுநாளும் நனைந்த குடைகளும் வீங்கிய கன்னங்களும்.

செய்ய வேண்டியவை: வாஷிங் மெஷினுக்கு ஆள். குரோய்டன் போய் ரவியின் சப்பாத்தை மாற்ற. கத்தரிக்காய். ஒன்றும் செய்யவில்லை.

காரணம் நோர்பரி சாரிட்டிக் கடையில் வாங்கிய இசைத்தட்டுப் பெட்டி. சனிக்கிழமை தூக்கி வந்தது. யாரோ தமிழர் வீட்டைக் காலி பண்ணிக் கொட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளாகத்தான் இருக்கும். எறிய முன்னர் ஒரு தட்டையாவது போட்டுக் கேட்டிருப்பார்களா? எரிச்சல்.

பெட்டிக்குள்: ஆங்கில நத்தார் பாட்டுகள். மலேசியத் தமிழ்ப் பெடியன்களின் கிற்றார்க் கூச்சல் (அருமை). தேவாலயப் பாடகர் குழு, அக்கோடியனோடு. ஓடாத ஏதோ படத்துப் பாட்டு, மெட்டு அழுகை, தாளம் மட்டும் ஜாஸ். தமிழில் ஒரு பைலா ஆட்டப்பாட்டு, பாடியவர் குடித்துவிட்டுத்தான் பாடியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் அடியில், உறைகூட இல்லாமல், ஒரு சின்ன இசைத்தட்டு. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒரு சொட்டு விட்டுத் துடைத்துப் போட்டேன்.

எழுபதுகளின் கொழும்புப் பொப். ஓர்கன், பொங்கோ, பெண் குரல். வருகிறேன் என்று சொல்லி வராமல் விட்டவனை பஸ் நிலையத்தில் நின்று திட்டுகிறாள். அழவில்லை, கெஞ்சவில்லை. "நீ வராட்டிப் போ, எனக்கு பஸ் வரும்." எங்கள் பாட்டுகளில் பெண்ணுக்குக் கோபம் வந்தால் ஊடல் என்று பெயர் வைத்து முடித்துவிடுவார்கள். இது ஊடல் இல்லை. அசல் கோபம். எழுந்து நின்று கேட்டேன்.

ரவி (என் புருஷன், மதுரைக்காரர், பயந்த சுபாவம்) குசினியிலிருந்து எட்டிப் பார்த்து: "யாரு இது? நான் என்ன தப்பு பண்ணேன்னு எனக்கே டவுட் வருது."

தட்டின் நடுவில் இசைக்குழுத் தலைவரின் பெயர் பெரிய எழுத்தில். கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும்: குரல், செல்வி நா. தவமலர். யாழ்ப்பாணம், கொழும்பு, டொரொன்டோ, எல்லா இடமும் போன் போட்டாயிற்று. ஒருவருக்கும் தெரியாது. அந்தச் "செல்வி"தான் தொல்லை. கலியாணம் முடிந்தால் இனிஷல் மாறிவிடும். எங்கள் பெண்களைத் தேடுவதென்றால் முதலில் அவர்களின் புருஷன்மாரைத் தேட வேண்டும்.

பெப்ரவரி 5, வியாழன்

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

வியாழன் மாலை என் ஒரு மணி நேரம். ஒரு கடைக்கு மேல் ஒரு அறை, அதற்குள் ஒரு இணைய வானொலி. யாரும் போடாத பழைய பாட்டுகளைத் தேடிப் போடுவது என் வேலை, சம்பளம் இல்லை. வானொலி பாஸ்கரன் அண்ணையுடையது (இனிமேல் பா.அ., முழுப்பெயருக்கு இந்தக் கொப்பியில் இடம் வீண்). எல்லா நிகழ்ச்சிக்கும் முன்னுரை அவரேதான் வாசிப்பார். மைக்கைக் கண்டால் விடமாட்டார்.

நான் எழுதிக் கொடுத்தது: "பாடியவர் செல்வி நா. தவமலர். அவரைத் தெரிந்தவர்கள் அழையுங்கள்."

அவர் வாசித்தது: "பாடியவர் அமரர் செல்வி நா. தவமலர். அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும்."

பாட்டு ஓடும்போதே கேட்டேன்.

"அண்ணை, அவ செத்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எழுபதுகளிலை பாடினவ எண்டால் இப்ப இருப்பாவே, தங்கச்சி? ஒரு மரியாதைக்குப் போட்டனான்."

மரியாதைக்கு! உயிரை எடுத்துவிட்டு மரியாதை. பழைய பாடகர் யார் பெயர் வந்தாலும் முன்னால் ஒரு அமரர். இவருக்கு அது ஒரு வாய்ப்பழக்கம். பாட்டு முடியவும் விடவில்லை, நகைக்கடை விளம்பரத்துக்காகப் பாதியில் இறக்கிவிட்டார்.

பிறகு அழைப்புகள். எல்லாம் அனுதாபம். ஒரு அம்மா அழுதார். ஹரோவிலிருந்து ஒருவர், தான் தவமலரின் செத்தவீட்டுக்கே போனதாக. சாப்பாடு திறமாம்.

பெப்ரவரி 7, சனி

வாஷிங் மெஷின் ஆள் வந்தார், பார்த்தார், தலையை ஆட்டினார், போனார்.

போனில் பா.அ. அனுப்பிய போஸ்டர். "ஈழத்து இசைக்குயில் அமரர் செல்வி தவமலர் நினைவஞ்சலி மாலை." அடுத்த சனிக்கிழமை, நோர்பரியில் தேவாலய ஹோல். பேச்சாளர்கள் நான்கு பேர், நான்கும் ஆண். படம் கிடைக்கவில்லை என்று ஒரு குத்துவிளக்கும் வீணையும் போட்டிருக்கிறார். வீணை எங்கிருந்து வந்தது? பொங்கோவைப் போட்டால் துக்கம் குறைந்துவிடுமா?

இருக்கும்போது ஒரு வாய் தண்ணீர் கொடுக்காதவர்கள் செத்தபிறகு பால் வார்க்க ஓடி வருவார்கள். இவர்கள் அதற்கும் ஒரு படி மேல். செத்தாளா என்றுகூடப் பார்க்கவில்லை.

ரவி: "விடும்மா, நல்லது பண்ணத்தானே நினைக்கிறாங்க?" இரவுச் சாப்பாட்டுக்கு வெறும் பாண் துண்டு. கறி வைக்கும் மனநிலை இல்லை.

பெப்ரவரி 8, ஞாயிறு

வெயில், பொய் வெயில். காலையில் ஒரு போன். பெண் குரல், வயதான குரல், சுத்தமான குரல்.

"வியாழக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சி செய்யிறது நீரோ?"

"ஓம். நீங்கள் ஆர் கதைக்கிறது?"

"செத்தவ கதைக்கிறன்."

வானொலிக்கு ஏற்கெனவே போன் பண்ணியிருக்கிறார். பா.அ. "இப்பிடிப் பகிடி விடாதேங்கோ, அம்மா, பாவம்" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாராம். என் நம்பர் வானொலிப் பக்கத்தில் கிடைத்ததாம்.

மத்தியானம் போனேன். நோர்பரியேதான்! நான் மரக்கறி வாங்கும் கடையிலிருந்து இரண்டு தெரு. டொரொன்டோ வரைக்கும் தேடிய எனக்கு இரண்டு தெரு தெரியவில்லை. வெறுங்கையோடு போகக் கூடாது என்று பழமும் வடையும் வாங்கிப் போயிருந்தேன். கதவைத் திறந்தவர் முதலில் பையைத்தான் பார்த்தார்.

"என்ன, எட்டுச் செலவுக்கோ?"

செத்தவருக்கு எட்டாம் நாள் படைக்கிற சாப்பாடு! வெட்கமாகப் போய்விட்டது. பிறகு இரண்டு பேரும் நின்று சிரித்தோம்.

எழுபது தாண்டிய மனுசி. நெடுப்பம், குட்டைத் தலைமயிர். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். புருஷன் காலமாகிவிட்டார் (இவர் நிஜமாகவே). விம்பிள்டன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறவர். பா.அ.வின் மனைவிக்குப் பக்கத்தில் நின்று கும்பிடுகிறவர்! பாட்டைப் பற்றிக் கேட்டேன். கொழும்பில் ஒரே நாளில் பாடி முடித்தாராம். மாமனார் வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லையாம், அப்படியே விட்டுப்போயிற்றாம். கவலைப்பட்டுச் சொல்லவில்லை. எரிச்சலோடுதான் சொன்னார். பிடித்துப் போயிற்று.

அவர்: "எனக்குப் பொன்னாடை வேண்டாம், பட்டமும் வேண்டாம். மைக்கிலை செத்தவ எண்டு சொன்னவை. அதே மைக்கிலை இருக்கிறா எண்டு சொல்லட்டும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். இதைக்கூடச் செய்ய முடியாதா இவர்களால்?

பெப்ரவரி 10, செவ்வாய்

முடியாதாம்.

வேலை விட்டு நேரே வானொலிக்கு. பா.அ. முதலில் நம்பவில்லை. போனில் தவமலரோடு நான் எடுத்த படத்தைக் காட்டினேன். விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மலரும் என்று நினைத்தேன், பைத்தியக்காரி நான். முகம் விழுந்துவிட்டது.

"ஹோல் புக் பண்ணியாச்சு. நினைவு மலர் அச்சிலை. இப்ப போய் இருக்கிறா எண்டால் ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"சந்தோசப்படுவினம், அண்ணை."

"உமக்கு எங்கடை சனத்தைத் தெரியாது. செத்தவவுக்கு வருவினம். இருக்கிறவவுக்கு ஆர் வருவினம்?"

அது உண்மை என்பதுதான் இன்னும் கோபம். போன வருடம் இதே ஹோலில் உயிரோடு ஒரு பாடகர் பாடினார். முன்வரிசையில் நான், ரவி, சமோசா கொண்டு வந்தவர்.

பிறகு பா.அ. ஒரு யோசனை சொன்னார். அப்படியே எழுதுகிறேன், பிறகு நானே நம்பமாட்டேன்.

"அவவையும் கூட்டிக்கொண்டு வாரும். விளக்கேத்தட்டும். ஆர் எண்டு சொல்லத் தேவையில்லை, ஒரு மூத்த ரசிகை எண்டு போடுவம். திருத்தத்தைப் பிறகு ஆறுதலாச் சொல்லலாம்."

தன் செத்தவீட்டில் தானே ரசிகை. கத்தினேன். கீழே கடைக்காரர் மேலே வந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். பா.அ. அமைதியாக: "வியாழக்கிழமை நேரத்துக்கு வேறை ஆக்களும் கேட்டுக்கொண்டிருக்கினம், தங்கச்சி." வெருட்டுகிறாராம்.

தவமலர் அக்காவுக்கு (அக்கா என்று கூப்பிடச் சொன்னார்) போனில் எல்லாம் சொன்னேன். காறித் துப்புவார் என்று நினைத்தேன். "வாறன்" என்றார். "விளக்கும் ஏத்தமாட்டன், ஒண்டும் ஏத்தமாட்டன். வந்து இருந்து பாக்கிறன்."

பெப்ரவரி 14, சனி

ஹோலில் ஹீட்டர் இல்லை. சனம் நிறைய. பா.அ. சொன்னதுதான் நடந்தது, தலைவிதி.

அக்கா நீலச் சேலை, மேலே பெரிய கோட்டு. என் பக்கத்தில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டார். மேடையில் வீணைப் படத்துக்கு மாலை.

முதல் பேச்சாளர்: "வறுமையில் வாடி, புகழைத் தேடாமல் மறைந்த மலர்." அக்கா: "எனக்கு என்ன வறுமை? ரெண்டு வீடு இருக்கு."

இரண்டாமவர், தாங்கள் ஒன்றாகச் சைக்கிளில் ரியூசனுக்குப் போனவர்களாம். அக்கா: "உவரை நான் வாழ்க்கையிலை கண்டதில்லை. எனக்குச் சைக்கிளும் ஓடத் தெரியாது."

மூன்றாமவர் அந்தப் பாட்டை "தாயகம் பிரிந்த ஏக்கத்தின் குரல்" என்றார். அவன் வராத கோபம் ஐயா அது! பாட்டைக் கேட்டீரா நீர்?

பிறகு ஒரு நிமிட மௌனம். எல்லோரும் எழும்பினார்கள். நானும் பழக்க தோஷத்தில் எழும்பிவிட்டுத் திரும்பப் பார்த்தேன். அத்தனை கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவில் அக்கா மட்டும் கதிரையில், கால்மேல் கால்.

பின்னால் ஒருவர் குனிந்து: "அம்மா, எழும்புங்கோ. செத்தவவுக்கு ஒரு மரியாதை வேண்டாமோ?"

"எனக்கு நானே எழும்பி நிக்கிறதோ?"

மெதுவாகச் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் ஹோல் முழுக்கக் கேட்டது. பா.அ. மேடையிலிருந்து கையால் இருங்கோ இருங்கோ என்று காட்டினார். அக்கா ஏற்கெனவே இருக்கிறார் என்பதுதான் பிரச்சினையே. எல்லோரும் அமர்ந்தபிறகு அக்கா எழும்பி மேடைக்குப் போனார். மைக்கைப் பா.அ. விடவில்லை, பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

"நான்தான் தவமலர். இந்தா நிக்கிறன்."

கைதட்டு வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஒரு முணுமுணுப்பு. "விசரோ?" "ஆற்றை ஆள்?" சைக்கிள்காரர் எழுந்து, தான் தவமலரை நன்கு அறிவேன், இவர் அவரில்லை என்றார். இன்னொருவர் ஐடி கேட்டார். எங்கள் சனம் இந்த நாட்டுக்கு வந்து வரிசையில் நின்று தாங்கள் யார் என்று நிரூபித்தது போதாதா? அதை இங்கே வந்து அவர்களே கேட்கிறார்கள். பிறகு ஒருவர், நியாயஸ்தர் போல: "அப்பிடியெண்டால் அந்தப் பாட்டை ஒருக்காப் பாடிக் காட்டட்டும்." உடனே எல்லோரும் பாடட்டும், பாடட்டும்.

பாடு அக்கா, இவர்கள் வாயை மூடு என்று எனக்குள்ளும் ஓடியது, மறைக்கவில்லை.

அக்கா மைக்கை வாயருகே கொண்டுபோனார். "உயிரோடை இருக்கிறதுக்கு நான் ஏன் பாட வேணும்?" என்றார். மைக்கைப் பா.அ.வின் கையில் வைத்துவிட்டு, கோட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு நடந்தார். நான் ஒலிமேசையிலிருந்த என் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வெளியே மழை. இருவரும் பஸ் ஏறினோம்.

பெப்ரவரி 15, ஞாயிறு

பா.அ.வின் மெசேஜ்: நான் நிகழ்ச்சியில் குழப்பம் விளைவித்தமைக்கு வருந்துகிறாராம். வியாழன் என் நேரம் இனிச் சோதிட நேரம், நேயர்கள் நேரடியாக அழைக்கலாம். கீழே கைகூப்பிய படம்.

சேர்த்து வைத்த பாட்டெல்லாம் இனி யாருக்கு? அந்த மலேசியப் பெடியன்கள், அந்தக் குடிகாரப் பைலா, எல்லாம் திரும்பப் பெட்டிக்குள். அழுகை வந்தது, கோபத்தில்தான். ரவி தேத்தண்ணி போட்டுத் தந்தார். கூட்டத்துக்குப் போனவர்கள் மூன்று பேர் போன் பண்ணி, குழப்பம் போட்ட அந்தப் பைத்தியக்கார மனுசி யார் என்று கேட்டார்கள். நிகழ்ச்சி நன்றாக இருந்ததாம்.

பெப்ரவரி 19, வியாழன்

குளிர் கூடியிருக்கிறது. வேலை முடிய அக்கா வீட்டுக்கு. புட்டு அவித்திருந்தார். சோதிட நேரம் தொடங்க, "பொறும், ஒரு போன் எடுக்க வேணும்" என்று ஸ்பீக்கரில் போட்டார். நெடுநேரம் காத்திருந்தோம். பா.அ. குரல் கேட்டது: "அடுத்த நேயர், வணக்கம்." நேயரின் பெயரைக் கேட்பதைச் சோதிடரிடம் விட்டுவிட்டார், பாவம்.

சோதிடர்: "வணக்கம் அம்மா. பேரைச் சொல்லுங்கோ."

"நா. தவமலர். நோர்பரி."

"நட்சத்திரம்?"

"சதயம்." பிறந்த நேரமும் சொன்னார், பிசகாமல். எங்கோ ஒரு கதிரை கிரீச்சிட்டது. பா.அ.வாகத்தான் இருக்கும்.

"என்ன கேள்வி, அம்மா?"

"ஆயுள் எப்பிடி எண்டு கேக்கத்தான்."

சோதிடர் கணக்குப் போட்டார். பேப்பர் புரட்டும் சத்தம். யாரோ தூரத்தில் "விளம்பரம், விளம்பரம்" என்றார். சோதிடருக்குக் காது கேட்கவில்லையோ, தொழில் பக்தியோ, நிறுத்தவில்லை.

"ஆயுள் ஸ்தானம் நல்ல கெட்டி, அம்மா. தீர்க்காயுள். தவமலர் அம்மா, நீங்கள் கனகாலம் இருப்பியள்."

அக்கா போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ, ஐயா. பேரோடை."