ராஜாவின் கழுத்து

மகள் உன் முகூர்த்தப் பட்டுப் புடவையைக் கேட்டிருந்தாள். அதை எடுக்க இன்று காலை பீரோவைத் திறந்தேன். உள்ளே இருந்து வசம்பு வாசம் வந்தது. பூச்சி அண்டாமல் இருக்க மடிப்புக்குள் நீ வைத்த துணி முடிச்சு அப்படியே கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க மனம் வரவில்லை.

மாகறல் கோயிலுக்குப் போனவள், நாய்க்குட்டி ராஜாவை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாயே, அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவன் உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. "பட்டு வச்சிருக்கிற வூட்டுல இத எதுக்குமா கொண்டாந்த?" என்று குதித்தேன். நீ வேப்பிலையைக் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு குளிப்பாட்டினாய். உன் பேன்சீப்பையே எடுத்து வாரி, சிக்கிய பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டாய். அவன் படுக்கிற சாக்கை வாராவாரம் அலசி மாடி வெயிலில் காயப்போட்டாய். அவன் மூலைக்கு மேலே, வாய்க்கு எட்டாத ஆணியில் வசம்பு முடிச்சைத் தொங்கவிட்டாய்.

நீ மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில்தான் நான் என் புத்தியைக் காட்டினேன். பட்டுக்குச் சிலர் வசம்பு வைக்கிறார்கள், சிலர் அந்துருண்டை வைக்கிறார்கள், எல்லாம் ஒன்றுதானே என்று நாலு அந்துருண்டையைத் துணியில் முடிந்து ராஜாவின் கழுத்தில் கட்டிவிட்டேன். மறுநாள் துணி கிழிந்து கிடந்தது, உருண்டைகளில் ஒன்றைக் காணோம். அவன் வாந்தியெடுத்து, நிற்க முடியாமல் சரிந்தான். ஆட்டோவில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். எப்படியோ பிழைத்தான்.

"பட்டுப் பொடவ நக்காதுங்க, நாய் நக்கும். இதுகூடவா தெரியாது?" என்று திரும்பி வந்ததும் கேட்டாய். என் தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்பில் சொல்லவில்லை. அன்றிலிருந்து ராஜா தன் கழுத்துப் பக்கம் என் கையை விட்டதே இல்லை.

கடைசி மாதம் படுக்கையில் கிடந்தபோதும் உனக்கு அதே கவலை. "ஒங்ககிட்ட கழுத்தே காட்ட மாட்றானே. நான் போய்ட்டா இவனுக்கு யாருங்க வாருவாங்க?" என்றாய். போவதைப் பற்றிப் பேசுகிறாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

நீ போன பிறகு ஞாயிறு தவறாமல் சீப்போடு வாசற்படியில் உட்கார்ந்தேன். அவன் எட்ட நின்று சொறிந்துகொண்டே என்னைப் பார்ப்பான். காதோரம் முடி கொட்டிப் புண்ணாகிவிட்டது. செவிலிமேட்டில் யாருக்கும் இறங்கிப் போகாத நான் ஒரு நாயிடம் கெஞ்சினேன். "தப்பு என்னுதுதான்டா. வாடா." உன்னிடம் சொல்லாததை அவனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன், தெரியவில்லை.

போன ஞாயிறு வந்தான். பக்கத்தில் படுத்து, கழுத்தை என் முழங்கால்மேல் வைத்தான். மெதுவாக வாரினேன். மூன்று பூச்சி சிக்கியது. எதுவானாலும் முதலில் உன்னிடம் சொல்கிற பழக்கம் இன்னும் என்னை விடவில்லை.

"ஏ, இங்க வாயேன், காட்டிட்டான் பாரு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

ராஜாவும் தலையைத் தூக்கி, வாலை ஆட்டிக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்த்தான்.