டிவிஷன் பறந்த வருஷம்

போர்முனை
10 ஏப்ரல் 1944

செல்ல மருமகள் பசந்த் கௌரை மாமா மேஹர் சிங் உச்சி முகர்ந்து எழுதுவது.

எங்கள் டிவிஷன் முழுவதையும் விமானத்தில் ஏற்றி இங்கே இறக்கிவிட்டார்கள். பதினைந்தாயிரம் ஆள், பீரங்கி, என் கோவேறு கழுதைகள். கழுதைகள் ஏறமாட்டேன் என்றன. "மேஹர் சிங், நீ இல்லாட்டி சண்டையே நடக்காதுப்பா" என்று ஜெனரலே என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு அதட்டு அதட்டினேன், ஏறின. சுற்றிலும் மலை, சாலையை ஜப்பான்காரன் அடைத்திருக்கிறான். பயப்படாதே, நான் இருக்கிறேன்.

உனக்கு நிச்சயித்த கெஹர் சிங்கைப் பற்றிக் கேட்டாய். அவனும் எங்கள் டிவிஷன்தானே! நேற்றுக்கூட என் கூடாரத்தில் டீ குடித்தான். கன்னம் உப்பிவிட்டது.

மாமா

லூதியானா பக்கம், நம் ஊர்
12 ஜூன் 1944

மாமாவுக்கு, கோபத்தோடு பசந்த் எழுதுவது.

ஆஸ்பத்திரியிலிருந்து கெஹர் எழுதியிருக்கிறார். டிவிஷனைப் பிரித்து அவர் பிரிகேடை வேறு ஊரில் இறக்கினார்களாம். பனிக்காலத்துக்குப் பிறகு உங்களைப் பார்க்கவே இல்லையாம். உங்களோடு டீ குடித்தது யார், ஜப்பான்காரனா?

கண்ணிவெடியில் அவருக்கு இடது பாதம் போய்விட்டது. என்னை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். அப்பாவுக்கு அதுவே போதும். "நொண்டிக்கா பொண்ணு குடுப்பேன்?" என்று வேறு மாப்பிள்ளை தேடுகிறார். நான் கெஹரைத் தவிர யாரையும் கட்டமாட்டேன்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. உங்கள் கடிதம் வந்தால் தபால்காரரை மரத்தடியில் நிறுத்தி, ஊரே கேட்க வாசிக்கச் சொல்கிறார். நீங்கள் எழுதுவதை நம்பாதவர் இங்கே யாருமில்லை. என்னிடம் அவ்வளவு புளுகினீர்களே, அவரிடமும் ஒன்று புளுகுங்கள்: பாதம் பத்திரமாக இருக்கிறது என்று. கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் தெரியட்டும். சீக்கிரம் எழுதுங்கள் மாமா. என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை.

பசந்த்

போர்முனை
2 ஜூலை 1944

அத்தான் ஜவாலா சிங் அவர்களுக்கு மைத்துனன் மேஹர் சிங்கின் சத் ஸ்ரீ அகால்.

சாலையைத் திறந்துவிட்டோம். அந்தப் பக்கமிருந்து ஒரு படை, இந்தப் பக்கமிருந்து ஒரு படை, நடுவில் நான். காயம்பட்ட கழுதைகளை ரயிலடிக்கு ஓட்டிப்போன சாக்கில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன்.

கெஹருக்கு இடது பாதம் இல்லை. கம்பளியை விலக்கி நானே பார்த்தேன். "எதுக்கு வந்தீங்க மாமா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏன்டா, கலப்பைய கால் விரலாலயா பிடிப்பே?" என்றேன். சிரிக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்தான், முடியவில்லை. பிறகு அழுதான்.

எங்களை மறுபடி கிளம்பச் சொல்லிவிட்டார்கள். கழுதைகளுக்குச் சேணம் கட்டிக்கொண்டே எழுதுகிறேன்.

தபால்காரரே, இங்கிருந்து குரலை உயர்த்தி வாசியும். ஊர்ப் பெரியவர்களே, கேளுங்கள். அத்தான் தம் பெண்ணைக் கெஹருக்கே கொடுத்தால், எமனே தடுத்தாலும் வந்து, தாய்மாமன்தான் பூட்டவேண்டிய அந்தக் கல்யாணச் சிவப்பு வளையலை அவள் கைகளில் பூட்டுவேன். வேறு எவனுக்குக் கொடுத்தாலும், தாய்மாமன் உயிரோடிருந்தும் வரவில்லை என்று அவள் வெறுங்கையோடு உட்காரட்டும். ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால், அத்தானே எழுந்து பதில் சொல்லட்டும்.

மேஹர் சிங்