அடியில்லாத கிண்ணம்

அன்பு ஹில்டித்துக்கு,

நீயும் நம் ஆடுகளும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்பு சுகம், மானம்தான் போய்விட்டது. பிரபு ஓஸ்லாஃபுடன் புதைக்க வைத்திருந்த தேன்மதுவை நான் குடித்துவிட்டேன்.

குழிக்குள் சாமான்களை அடுக்கும் வேலை எனக்கு. பிரபுவின் மனைவி ஏபா அம்மா, கணவருடைய கண்ணாடிக் கிண்ணத்தைத் தளும்பத் தளும்ப நிரப்பி நீட்டினார். அந்தக் கிண்ணம்தான் உனக்குத் தெரியுமே. அடி கூர்மையாக இருப்பதால் நிற்காது. குடித்து முடித்த பிறகுதான் கீழே வைக்க முடியும். பிணத்தின் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுமா? ஊரே மேலே நின்று பார்க்க, விருந்துப் பழக்கத்தில் ஒரே மடக்கில் குடித்துக் கவிழ்த்து வைத்தேன்.

“ஏண்டா துன்னா, செத்தவர் பங்கையும் விட்டு வைக்க மாட்டியா?” என்றான் மண் சுமப்பவன் ஒருவன்.

அன்றிலிருந்து யார் முகத்திலும் விழிக்க முடியாமல் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். கொஞ்சம் பாலாடைக்கட்டி அனுப்பு. நீ போர்த்திக்கொள்ளும் போர்வையையும் அனுப்பு, துவைக்க வேண்டாம்.

நேற்று ஏபா அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். வேலையை விட்டு விரட்டுவார் என்று நடுங்கினேன். அவரோ கதவைச் சாத்திவிட்டு, “ருசியைப் பத்தி யார்கிட்டயாவது சொன்னியா?” என்றார்.

“இல்லம்மா.”

“சொல்லிடாதப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

படகு கிளம்புகிறது என்று, இதை எனக்காக எழுதும் பாதிரியார் அவசரப்படுத்துகிறார். கிண்ணத்தில் இருந்தது வெறும் கிணற்றுத் தண்ணீர்.

உன் துன்னா